அமினோகாப்ராயிக் அமிலத்தைச் சூடாக்கினால் வருவது லாக்டமா, நைலானா?

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருஷம். ப்ராஜெக்டுக்காக 6-அமினோகாப்ராயிக் அமிலத்தை வட்டக்குடுவையில் போட்டு சிலிக்கோன் ஆயில் பாத்தில் 230, 240 டிகிரி வரைக்கும் சூடாக்கினேன். 200-ஐத் தாண்டியதும் உருகியது, நீராவி குமிழ் விட்டது, நேரம் ஆக ஆகக் கெட்டியாகி கிளறுகோல் சுற்றவே மறுத்தது. ஆறவைத்துப் பார்த்தால் அடியில் மஞ்சளாக இறுகிய ஒரு கட்டி, குடுவையின் கழுத்தில் வெள்ளையாகப் படிகங்கள். கட்டி தண்ணீரில் கரையவில்லை.

புத்தகத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: காமா, டெல்டா அமினோ அமிலங்கள் லாக்டம் (வளைய அமைடு) தரும், எப்சிலானிலிருந்து பாலிஅமைடு (நைலான் மாதிரி நீண்ட சங்கிலி) தரும். கார்பாக்சிலை அடுத்த எத்தனையாவது கார்பனில் அமீன் இருக்கிறது என்பதைத்தான் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்கிறார்கள். கழுத்தில் இருப்பது பக்க விளைபொருள், விட்டுவிடு என்கிறார் கைடு. ஆனால் இதே மாதிரி 4-அமினோபியூட்டிரிக் அமிலத்தைச் சூடாக்கினபோது கட்டியே வரவில்லை, முழுக்கத் திரவம்தான். இரண்டு மூலக்கூறுக்கும் இரண்டு கார்பன்தான் வித்தியாசம். ஏன் இப்படி முற்றிலும் வேறு மாதிரி நடக்கிறது? எனக்கு லாக்டம் மட்டும் வேண்டுமென்றாலோ பாலிமர் மட்டும் வேண்டுமென்றாலோ என்ன செய்ய வேண்டும்?

ஷிஃப்ட்_பி எழுதியது:

தம்பி, அந்தக் கழுத்துப் படிகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. நான் நைலான்-6 பாலிமர் பிளான்டில் வேலை பார்க்கிறேன், நீ சொல்வதுதான் எங்களுக்குத் தினசரிக் கதை. அது அநேகமாகக் காப்ரோலாக்டம், அதாவது உன் அமிலமே வளையமாக மூடிய லாக்டம். சோதிப்பது சுலபம்: தண்ணீரில் போட்டால் நன்றாகக் கரையும், உருகுநிலை 69, 70 டிகிரியில் நிற்கும். உன் மூல அமிலமும் தண்ணீரில் கரையும், ஆனால் அது 200-க்கு மேலேதான் உருகும், அதனால் உருகுநிலை பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும். அடியில் இருப்பதை ஃபார்மிக் அமிலத்தில் போட்டுப் பார், கரைந்தால் நைலான்-6. மறுபடி உருக்கிக் கண்ணாடிக் கோலால் தொட்டு இழுத்தால் நூலாக வர வேண்டும். நூல் வராமல் பொசுக்கென்று அறுந்தால் சங்கிலி இன்னும் நீளவில்லை என்று அர்த்தம்.

மஞ்சள் நிறம் காற்றால் வந்தது. அமீன் முனைகள் அந்தச் சூட்டில் ஆக்சிஜனைப் பார்த்தால் பழுத்துவிடும். நைட்ரஜன் ஓட்டாமல் இந்த வினையைச் செய்யக்கூடாது.

இரண்டும் சேர்ந்து வருவது உன் கைக்கோளாறு இல்லை. தொழிற்சாலையில் நாங்கள் எதிர்த்திசையிலிருந்து வருகிறோம்: காப்ரோலாக்டத்தோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்து 250, 260 டிகிரியில் வைத்தால் சிறு பகுதி வளையம் திறந்து அமினோகாப்ராயிக் அமிலமாகிறது, அதன் அமீன் முனை அடுத்த லாக்டத்தைத் தாக்கித் திறக்கிறது, அது அதற்கடுத்ததை. எத்தனை மணி நேரம் வைத்திருந்தாலும் கடைசியில் கிட்டத்தட்ட 10 சதவீதம் லாக்டமும் சிறு வளையங்களுமாக மிச்சம் நிற்கும். சமநிலை அப்படி. அதனால் பாலிமர் சிப்ஸை வெந்நீரில் மணிக்கணக்கில் கழுவி அதை வெளியே எடுத்து, திரும்ப உள்ளே அனுப்புகிறோம். அதில் இரண்டு அலகுகள் சேர்ந்த வளையம் ஒன்று வரும் பாருங்கள், 340-க்கு மேலே உருகும், எளிதில் கரையாது, குழாயில் படிந்து உயிரை வாங்கும்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. டூபான்டில் கரோதர்ஸும் பெர்ஷேவும் 1930-இல் நீ செய்த அதே வினையைச் செய்து வெளியிட்டார்கள். கிடைத்ததில் பெரும்பகுதி பாலிமர், 20 முதல் 30 சதவீதம் லாக்டம். லாக்டத்தைத் தனியாகச் சூடாக்கினால் பாலிமர் ஆவதில்லை என்றும் அதிலேயே எழுதிவிட்டார்கள். பெர்லினில் ஐ.ஜி. ஃபார்பன் குழுமத்தில் இருந்த பவுல் ஷ்லாக் அதை அப்படியே நம்பிவிடவில்லை. 1938 ஜனவரியில் காப்ரோலாக்டத்தோடு சிறிதளவு அமினோகாப்ராயிக் அமில ஹைட்ரோகுளோரைடு சேர்த்து, மூடிய குழாயில் 240 டிகிரியில் இரவு முழுக்க வைத்தார். காலையில் உள்ளே இருந்தது பெர்லான், அதாவது நைலான்-6. தூண்டுவதற்கு ஒரு அமீன் முனை வேண்டும், அவ்வளவுதான் விஷயம். டூபான்டின் நைலான் காப்புரிமைகள் அத்தனையையும் இந்த ஒரு வினை சுற்றிக்கொண்டு போய்விட்டது.

கரிமம்_டீச்சர் எழுதியது:

மேலே சொன்னது சமநிலைப் பக்கம். ஏன் இரண்டு கார்பன் இவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு வேகத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரே மூலக்கூறில் அமீனும் கார்பாக்சிலும் இருக்கும்போது அமீனுக்கு முன்னால் இரண்டு வழி. தன் வாலையே பிடிக்கலாம், அல்லது பக்கத்து மூலக்கூறின் கார்பாக்சிலைப் பிடிக்கலாம். முதலாவது செறிவைப் பொறுத்ததல்ல, இரண்டாவது செறிவோடு ஏறும். நீங்கள் கரைப்பானே இல்லாமல் உருக்கியிருக்கிறீர்கள், அதாவது லிட்டருக்குச் சுமார் 8 மோல். கூட்டத்தில் நம் வீட்டு ஆளைத் தேடுவதைவிடப் பக்கத்தில் இடிப்பவரிடம் பேசுவது சுலபம். இந்த நெரிசலிலும் தன் வாலைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த வால் மிகப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எவ்வளவு பக்கத்தில் என்பதற்கு நல்ல எண்கள் லாக்டோன்களுக்கு இருக்கின்றன. இல்லுமினாட்டியும் மண்டோலினியும் புரோமோ அமிலங்களின் அயனிகள் வளையமாகும் வேகத்தை டைமெதில் சல்ஃபாக்சைடில் 50 டிகிரியில் அளந்தார்கள். 8 அணு வளையம்தான் ஆமை, அதை 1 என்று வைத்துக்கொண்டால் 7 அணு வளையம் 100-க்குச் சற்றுக் கீழே, 6 அணு வளையம் சுமார் 17,000, 5 அணு வளையம் சுமார் 15 லட்சம். லாக்டத்துக்கு இதே எண்கள் பொருந்தாது, ஆனால் வரிசை இதுதான். 4-அமினோபியூட்டிரிக் அமிலத்துக்குக் கிடைப்பது 5 அணு வளையம், அதாவது 2-பைரோலிடோன், உருகுநிலை 25 டிகிரி வாக்கில், அதனால்தான் நம் ஊர் வெயிலில் திரவமாகவே இருந்திருக்கிறது. உங்கள் ஆறு கார்பன் அமிலத்துக்கு 7 அணு வளையம், எல்லைக்கோட்டில் நிற்பது. அதனால் இரண்டும் வந்தது. ஆக, எப்சிலானிலிருந்து பாலிமர் என்று புத்தகம் ஒரே கோடு கிழிப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கோடு கிடையாது, சரிவுதான்.

காப்ரோலாக்டத்தில் வளைய இறுக்கம் அதிகம், அதனால்தான் அது திறந்துகொள்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவ்வளவு ஒன்றும் இறுக்கம் இல்லை. பாலிமராகும்போது வெளிவரும் வெப்பம் மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல்தான். இந்தச் சின்ன எண்ணால்தான் ஷிஃப்ட்_பி சொல்லும் 10 சதவீதம் நின்றுபோகிறது. சிறிய லாக்டங்களில் அமைடு சிஸ் வடிவில் (சங்கிலியின் இரு பகுதிகளும் ஒரே பக்கம்; எதிரெதிர்ப் பக்கம் என்றால் டிரான்ஸ்) மடங்கியிருக்க வேண்டிய கட்டாயம் என்பதையும் மறக்கக்கூடாது. ஹூய்ஸ்கன் காட்டியபடி 8 அணு வளையம் வரை சிஸ், 9-இல் கலப்பு, அதற்கு மேல் டிரான்ஸ். நீண்ட சங்கிலியில் அமைடு தனக்குப் பிடித்த டிரான்ஸில் நிம்மதியாக இருக்கிறது.

5 அணு வளையம் இதற்கு நேர் எதிர். பைரோலிடோனைக் காரத்தோடு குறைந்த வெப்பநிலையில் பாலிமராக்கி நைலான்-4 செய்ய முடியும். ஆனால் உருக்கி நூலாக இழுக்கப் போனால் 260 வாக்கில் உருகும்போதே அவிழ்ந்து பைரோலிடோனாகத் திரும்பிவிடுகிறது. நைலான்-6 உலகை ஆண்டு, நைலான்-4 நூலகத்தில் தங்கிப்போனதற்கு இதுதான் பெரிய காரணம்.

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

மிக்க நன்றி. உருகுநிலை பார்த்துவிட்டேன், 68-69. காப்ரோலாக்டமேதான்.

இரண்டு சந்தேகம். 4-அமினோபியூட்டிரிக் அமிலம் மூளையிலேயே இருக்கிறதே, வளையமாவது இவ்வளவு வேகம் என்றால் அங்கே ஏன் பைரோலிடோன் ஆகிவிடுவதில்லை? அப்புறம் ஆல்ஃபா, பீட்டா அமிலங்களைச் சூடாக்கினால் என்ன ஆகும்? தேர்வில் நாலையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

கரிமம்_டீச்சர் எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு: அது சுவிட்டர் அயனி. தண்ணீரில் அமீன் புரோட்டானை வாங்கிக்கொண்டு நிற்கிறது, தாக்க இணை எலக்ட்ரான் இல்லை. கார்பாக்சில் புரோட்டானை இழந்து நிற்கிறது, அதைத் தாக்க யாருக்கும் ஆசை இல்லை. அதே அமிலத்தை மெதில் எஸ்டராக்கி அமீனைக் காரத்தால் விடுவித்துப் பாருங்கள், அறை வெப்பநிலையிலேயே லாக்டமாக மூடிக்கொள்ளும். உங்களுக்கு 200 டிகிரி தேவைப்பட்டது வளையத்துக்காக இல்லை, அந்த அயனி நிலையை உடைத்து நீரை விரட்டுவதற்கு. இரண்டாவதற்கு வேறு யாராவது எழுதுங்கள், எனக்கு வகுப்பு இருக்கிறது.

பழைய_புத்தகம் எழுதியது:

ஆல்ஃபா அமிலம் தன் வாலைப் பிடித்தால் 3 அணு வளையம், அது நடக்கிற காரியமில்லை. இரண்டு மூலக்கூறுகள் தலைக்கு வால் சேர்ந்து 6 அணு வளையமாகின்றன, டைகீட்டோபைப்பரசின். கிளைசினைச் சூடாக்கினால் கிடைப்பது அதுதான், கூடவே கருகலும். ஆல்ஃபா அமிலத்திலிருந்து நீண்ட பாலிபெப்டைடு வேண்டுமென்றால் லொய்ஷ் 1906-இல் காட்டிய நீரிலி வழியாகப் போக வேண்டும், அது கார்பன் டைஆக்சைடை விட்டுக்கொண்டு திறக்கும்.

பீட்டா அமிலம் வளையமும் ஆகாது, சங்கிலியும் ஆகாது. அம்மோனியாவைக் கழற்றிவிட்டு நிறைவுறா அமிலமாகிவிடும், பீட்டா-அலனினிலிருந்து அக்ரிலிக் அமிலம் மாதிரி. நைலான்-3 செய்ய வேண்டுமென்றால் அக்ரிலமைடை வலுவான காரத்தோடு சூடாக்குவார்கள், ஹைட்ரஜன் இடம் மாறி பாலி பீட்டா-அலனின் வரும். தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஆனால் இந்த இழையில் பீட்டாவை இப்படிக் கடந்து போவது அநியாயம். ஏனென்றால் 4 அணு லாக்டம்தான் பெனிசிலின். முதல் பீட்டா-லாக்டத்தை ஸ்டாவ்டிங்கர் 1907-லேயே செய்துவிட்டார், அமினோ அமிலத்திலிருந்து அல்ல, கீட்டீனையும் இமினையும் சேர்த்து. இப்படி ஒரு வளையம் இயற்கையில் இருக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 1945-இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர் படிகவியலால் பெனிசிலினில் அது இருப்பதைக் காட்டும் வரை ராபர்ட் ராபின்சன் வேறொரு அமைப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைச் செயற்கையாகக் கட்டுவது. எம்.ஐ.டி.யில் ஜான் ஷீஹான் 1957-இல் பெனிசிலின் வி-யை முழுமையாகத் தொகுத்தபோது கடைசிப் படி என்ன தெரியுமா? ஒரு பீட்டா-அமினோ அமிலத்தை மூடி லாக்டம் ஆக்குவது. சூடு காட்டினால் எல்லாம் சிதறிவிடும், அமிலக் குளோரைடாக்கினாலும் சிதறிவிடும். டைசைக்ளோஹெக்சைல் கார்போடைஇமைடு என்ற நீர் உறிஞ்சியை வைத்து அறை வெப்பநிலையில் மூடினார். இன்று பெப்டைடு செய்கிற லேபில் எல்லாம் அந்தப் பாட்டில் இருக்கிறது. நீங்கள் 240 டிகிரியில் செய்வதும் அவர் அறை வெப்பநிலையில் செய்ததும் கணக்குப்படி ஒரே வினை, ஒரு நீர் மூலக்கூறு வெளியே போவது.

அந்த வளையத்தில் நிஜமாகவே இறுக்கம் உண்டு, அந்த இறுக்கம்தான் மருந்து. பாக்டீரியா சுவர் கட்டும் நொதியின் செரீன் அதைத் தாக்கியதும் வளையம் உடைந்து நொதியிலேயே ஒட்டிக்கொள்கிறது.

ஹெச்பிஎல்சி_ராணி எழுதியது:

எல்லாரும் லாக்டத்தை வரவேற்றுப் பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தில் அது எதிரி. நான் மருந்து நிறுவனமொன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வலிப்பு மருந்தான கபாபென்டின் ஒரு காமா-அமினோ அமிலம், போதாக்குறைக்கு நடுக் கார்பனில் சைக்ளோஹெக்சேன் வளையம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே கார்பனில் இரண்டு கிளை இருந்தால் இரு முனைகளும் நெருங்கித் தள்ளப்படும், வளையமாவது இன்னும் எளிதாகும். தார்ப்-இங்கோல்டு விளைவு என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அது இங்கே மாத்திரைக்குள்ளேயே நடக்கிறது. அறை வெப்பநிலையில் சுவிட்டர் அயனியாகச் சும்மா இருப்பது, சூடும் ஈரமும் சேர்ந்தால் மெல்ல லாக்டமாகும். அந்த லாக்டம் மூல மருந்தைவிட நச்சு கூடியது என்பதால் மருந்து நூல்களில் அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நிலைப்புத்தன்மைச் சோதனையில் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதப் பெட்டியிலிருந்து மாதிரியை எடுக்கும்போது முதலில் கண் போவது அந்த ஒரு சிகரத்துக்குத்தான். நல்லவேளை, லாக்டத்தில் மின்சுமை இல்லாததால் தலைகீழ் நிலை ஹெச்பிஎல்சி பிரிப்பில் தாமதமாகத் தனியே வரும், பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை.

ப்ரீகாபலினும் காமா-அமினோ அமிலம்தான், அதற்கும் ஒரு லாக்டம் உண்டு.

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

இது எதுவுமே என் புத்தகத்தில் இல்லை. இன்னும் ஒரு கேள்வி மட்டும். நைலான்-11-ஐ லாக்டம் வழியாகப் போகாமல் நேராக அமினோ அமிலத்திலிருந்தே செய்கிறார்களாமே, ஏன்?

ஷிஃப்ட்_பி எழுதியது:

அதற்கு ஆமணக்கிடம்தான் கேட்க வேண்டும். ஆமணக்கு எண்ணெயில் இருக்கும் ரிசினோலியிக் அமிலத்தை மெதில் எஸ்டராக்கி அதிக வெப்பத்தில் உடைத்தால் 7 கார்பன் துண்டு ஒன்றும் 11 கார்பன் துண்டு ஒன்றும் கிடைக்கும். 7 கார்பன் துண்டு ஹெப்டனால் என்ற ஆல்டிஹைடு, அது வாசனைத் தொழிலுக்குப் போகும். 11 கார்பன் துண்டை நீராற்பகுத்தால் அன்டிசைலினிக் அமிலம், அதன் கடைசியில் இரட்டைப் பிணைப்பு. ஹைட்ரஜன் புரோமைடை மார்கோவ்னிகாவ் விதிக்கு எதிராகச் சேர்த்தால் புரோமின் நுனிக் கார்பனில் உட்காரும், அம்மோனியாவால் அதை மாற்றினால் 11-அமினோ அன்டெகனாயிக் அமிலம். பிரான்சில் 1940-களில் உருவான வழி இது, ரில்சான் என்ற பெயரில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. உலகத்தின் ஆமணக்கில் பெரும்பங்கு குஜராத்திலிருந்துதான் போகிறது.

இயற்கையே நேராக அமிலத்தைக் கையில் கொடுக்கும்போது அதை 12 அணு வளையமாக மூடித் திரும்பத் திறப்பானேன்? டீச்சர் சொன்ன நெரிசல் கணக்குப்படி உருகிய நிலையில் அது தானாக மூடிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. அதனால் மிச்ச மோனமர் கிட்டத்தட்ட இல்லை, எங்களைப் போல் வெந்நீரில் கழுவிக்கொண்டு இருக்க வேண்டாம். பொறாமையாகத்தான் இருக்கிறது.

காப்ரோலாக்டம் பக்கம் வேறு விதமான பொருளாதாரம். சைக்ளோஹெக்சனோன் ஆக்சைமை ஓலியத்தில் (மிக அடர்ந்த கந்தக அமிலம்) பெக்மன் மாற்றம் செய்து லாக்டமாக்கி, அமிலத்தை அம்மோனியாவால் சமன் செய்தால் லாக்டத்தைவிட அதிக எடைக்கு அம்மோனியம் சல்ஃபேட் குவியும். அதை உரமாகத்தான் விற்க முடியும். நம் நாட்டில் காப்ரோலாக்டம் செய்தவர்கள் யார் என்று பார், கொச்சியில் ஃபாக்ட், வடோதராவில் ஜி.எஸ்.எஃப்.சி., இரண்டுமே உரக் கம்பெனி.

வலைவீசி எழுதியது:

இடையில் ஒரு சேதி. இந்த வினை திரும்பி ஓடுவதால்தான் நைலான்-6 மீன்வலையை மறுபடி காப்ரோலாக்டமாக்க முடிகிறது. பாஸ்பாரிக் அமிலமும் மிகைச்சூடு நீராவியும் கொடுத்தால் லாக்டம் ஆவியோடு வெளியே வரும். ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் அக்வாஃபில் நிறுவனம் பழைய வலையையும் கம்பளத்தையும் 2011 முதல் இப்படி மாற்றுகிறது. நைலான்-66 வலையைக் கொண்டுபோனால் இந்த வழி உதவாது, அங்கே திரும்பிப் போக ஒரு லாக்டம் இல்லை.

கரிமம்_டீச்சர் எழுதியது:

கடைசியாக உங்கள் முதல் பதிவின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

லாக்டம் மட்டும் வேண்டுமென்றால் நெரிசலைக் குறையுங்கள். டொலுயீனில் அமிலத்தை அலுமினா அல்லது சிலிக்கா ஜெல்லோடு கொதிக்கவைத்து, டீன்-ஸ்டார்க் கருவியால் நீரைப் பிரித்துக்கொண்டே இருங்கள். காமா, டெல்டா, எப்சிலான் மூன்றுக்குமே இது வேலை செய்யும் என்று 1980-லேயே வெளிவந்திருக்கிறது. அமிலம் டொலுயீனில் கரையாது, அது பரவாயில்லை. திட மேற்பரப்பில் தனித்தனியாக ஒட்டியிருப்பதே ஒரு வகை நீர்த்தல்தான். முடிந்ததும் வடிகட்டி, திடப்பொருளை மெத்தனால் கலந்த டைகுளோரோமீத்தேனால் கழுவி எடுங்கள்.

பாலிமர் மட்டும் வேண்டுமென்றால் நைட்ரஜன் ஓட்டத்தில் 250, 260 டிகிரி. நல்ல சேதி, ஒரே மூலக்கூறில் இரு முனையும் இருப்பதால் நைலான்-66 மாதிரி டைஅமீனையும் டைஅமிலத்தையும் துல்லியமாகச் சமன்படுத்தும் தொல்லை இல்லை. அமைடு உருவாகும் சமநிலை மாறிலி அந்தச் சூட்டில் சில நூறு, பாலியெஸ்டருக்கு ஒற்றை இலக்கம். அதனால் ஆரம்பத்தில் வெற்றிடம் கூடத் தேவையில்லை. கடைசியில்தான் நீர் பிடிவாதம் பிடிக்கும். 95 சதவீத வினையில் சங்கிலிக்குச் சராசரி 20 அலகுதான், 99-இல் 100, 99.5-இல் 200. அந்த அரை சதவீதத்துக்குத்தான் கடைசி ஒரு மணி நேரம் நைட்ரஜனை நன்றாக ஓட்டச் சொல்கிறேன், முடிந்தால் வெற்றிடம் வையுங்கள். ஆறியதும் பொடித்து வெந்நீரில் கொதிக்கவைத்து லாக்டத்தை நீக்கிவிட்டுத்தான் விளைச்சலை எடை போட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உயர்ந்து நிற்கும். கழுவிய நீரை ஆவியாக்கி அதில் வரும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள், 1930 தாளின் சதவீதத்தோடு ஒப்பிடலாம், ப்ராஜெக்டில் ஒரு அட்டவணை கூடும்.

மூலக்கூறு எடைக்கு ஜி.பி.சி. கருவி தேடி அலைய வேண்டாம். மாதிரியைச் சூடான பென்சைல் ஆல்கஹாலில் கரைத்து ஃபீனால்ஃப்தலீன் போட்டு ஆல்கஹாலிலான பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் கார்பாக்சில் முனைகள் எத்தனை என்று தெரியும். சங்கிலிக்கு ஒன்று என்பதால் எடை நேராக வந்துவிடும். பென்சைல் ஆல்கஹாலுக்கு மட்டும் தனியாக ஒரு வெற்றுத் தரம்பார்ப்பு செய்து கழித்துக்கொள்ளுங்கள்.